சுரண்டுமுன் டார்ச் அடியுங்கள்: மோரிஸ் மைனர் வேன் கேள்வி–பதில்

சென்ற இதழின் நடுப்பக்கத்தில், 1950-களில் இங்கிலாந்தில் தபால் சுமந்த ஒரு சிவப்பு மோரிஸ் மைனர் வேனைப் புதுப்பித்த கோலத்தில் படமாகப் போட்டிருந்தோம். பிரிட்டனில் இருக்கும் வாசகர்களில் சிலர் இதே வேனை வாங்கி ஷெட்டில் நிறுத்திவிட்டு முழித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பலரும் கேட்டவற்றைத் தொகுத்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: படத்தில் உள்ள வேனின் முன் மட்கார்டு கறுப்பாக இருக்கிறது. ஹெட்லைட் வேறு மட்கார்டுக்கு மேலே தவளைக் கண் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது. புதுப்பித்தவர் ஏதோ மாற்றி மாட்டிவிட்டாரோ?
— வாசகர், லெஸ்டர்

பதில்: இல்லை, அதுதான் சரி. அந்த மட்கார்டு தகடு அல்ல, ரப்பர். மோரிஸ் மைனர் கார் 1948-ல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. அதன் வேன் 1953-ல் வந்தது. பிரிட்டிஷ் தபால் துறை அதை ஏராளமாக வாங்கியது, ஆனால் சில நிபந்தனைகளோடு. சந்து பொந்துகளில் நாள் முழுக்க ஓடும் வண்டி எங்காவது உரசத்தான் செய்யும். ஒவ்வொரு உரசலுக்கும் வண்டியைப் பட்டறையில் நிறுத்திவைக்க முடியாது என்று ரப்பர் மட்கார்டு கேட்டார்கள். வளையும் ரப்பருக்குள் ஹெட்லைட்டைப் பதிக்க முடியாததால் அது மேலே தனியாக ஏறி உட்கார்ந்துகொண்டது. டிரைவர் பக்கத்து முன்கண்ணாடி திறக்கும்படி இருந்ததும், கதவுகளில் வீட்டுக் கதவுக்குப் போடுவது போன்ற யேல் பூட்டு இருந்ததும் அதே துறையின் ஏற்பாடுகள். கொஞ்ச வருடங்களில் தபால் வேன்களுக்கும் வழக்கமான தகட்டு மட்கார்டே வந்துவிட்டது. ஆகவே ரப்பர் மட்கார்டோடு ஒரு வேன் கண்ணில் பட்டால், அது ஆரம்பகால வண்டி என்று அங்கேயே முடிவுகட்டலாம்.

கேள்வி: ஒரு 1965 வேன் விலைக்கு வருகிறது. வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கிறது. அடியில் எங்கே துரு பார்க்க வேண்டும்? மைனர் காருக்கான தகடுகள் கிடைக்கின்றனவே, அவை போதுமா?
— வாசகர், கார்டிஃப்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம், பணம் விரயமாவது அங்கேதான். மைனர் காருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடியே அதன் எலும்பு. வேனும் பிக்-அப்பும் அப்படியல்ல. கீழே பெட்டி வடிவச் சட்டங்களால் ஆன தனி சேஸிஸ், அதன்மேல் டிரைவர் கேபின், பின்னால் போல்ட் போட்டு மாட்டிய சரக்குப் பெட்டி. எனவே பானெட், முன் மட்கார்டு போன்றவை காரிலிருந்து பொருந்தும். அடித்தளத் தகடுகள் பொருந்தாது. வாங்குமுன் 'கமர்ஷியல்' வண்டிக்கானதுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

துரு விஷயத்தில் இந்தச் சட்டங்களின் பெட்டி வடிவம்தான் எமன். தண்ணீரும் சேறும் உள்ளே போனால் வெளியேற வழியில்லாமல் தங்கி, தகட்டை உள்ளிருந்து தின்னும். வெளிப்பக்கம் நன்றாகத் தெரியும்போதே உள்ளே வெறும் செதில்தான் மிச்சமிருக்கும். பழைய தார்ப்பூச்சு கனமாக இருந்தால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும். சின்னச் சுத்தியலால் பத்து சென்டிமீட்டருக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்று பேசும். துருவேறியது 'தொப்' என்று முடங்கும். அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்திப் பாருங்கள். முக்கியமாகத் தட்ட வேண்டிய இடங்கள்: பின் ஸ்பிரிங் பட்டையின் இரு முனைகளும் சேஸிஸோடு சேரும் இடம், பின் ஆக்ஸிலுக்கு மேலே சட்டம் வளைந்து ஏறும் பகுதி, முன்பக்க டார்ஷன் பார்கள் (முன்சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பிகள்) வந்து முடியும் குறுக்குச் சட்டம், கேபினுக்கும் சரக்குப் பெட்டிக்கும் இடையில் சேறு அடையும் இடுக்கு. வண்டி முன்னால் ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால், டார்ஷன் பார் தளர்ந்துவிட்டது என்று நினைக்குமுன் அந்தக் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள்.

வெல்டிங் வேலை என்று வந்தால், பழைய துருவின்மேல் புதுத் தகட்டை ஒட்டுப் போடுவதுதான் நாம் அதிகம் காணும் பாவம். இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஈரம் தேங்கி, சில வருடங்களில் இரண்டும் சேர்ந்து போகும். நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டு 2 மி.மீ. தகட்டை விளிம்போடு விளிம்பு சேர்த்து வெல்டு வைக்க வேண்டும். வெட்டுமுன் பேட்டரி இணைப்பையும் பெட்ரோல் டேங்கையும் கழற்றி அப்புறப்படுத்துங்கள். சேஸிஸை நான்கு ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்தி, முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கும், மறுபக்கமாகவும் டேப் பிடித்து அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குறுக்களவும் 3 மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும். வெல்டை ஒரே மூச்சில் ஓட்டினால் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும். இரண்டரை சென்டிமீட்டர் வைத்துவிட்டு வேறு இடத்துக்குத் தாவி, ஆறவிட்டு, விட்ட இடைவெளியை நிரப்புங்கள். கடைசியில் வெல்டு இடைவெளியில்லாமல் தொடர்ந்து இருக்க வேண்டும். பெயின்ட் காய்ந்த பிறகு சட்டத்துக்குள் குழாய் விட்டு மெழுகு பீச்சுங்கள். அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளை அந்த மெழுகே அடைத்துவிடாதபடி கம்பியால் குத்தித் திறந்துவிடுவது அவசியம்.

சரக்குப் பெட்டியின் கதவுகளைக் கழற்றிவிட்டால் நாலைந்து பேர் சேர்ந்து பெட்டியைத் தூக்கிவிடலாம். தூக்காமல் பின் சேஸிஸின் மேல்முகத்தை யாராலும் சரிபார்க்க முடியாது. 'பெட்டியைத் தூக்காமலே வேலையை முடித்தோம்' என்று யாராவது சொன்னால், அது வண்டியை வாங்காமல் இருப்பதற்கு ஒரு காரணம்.

கேள்வி: என்னுடைய வேனின் பக்கத் தகடுகளில் ஜன்னல் வெட்டியிருக்கிறது. கம்பெனி அமைப்பா?
— வாசகி, ஹாரோ

பதில்: யாரோ பிற்பாடு வெட்டியது. அந்தக் காலத்தில் பிரிட்டனில் காருக்குக் கொள்முதல் வரி உண்டு, சரக்கு வேனுக்கு இல்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பக்க ஜன்னல் வைத்தால் வேனும் வரிக்குள் வந்துவிடும். அதனால்தான் வேன்கள் கண் மூடிய பக்கங்களோடு விற்பனைக்கு வந்தன. 1973-ல் அந்த வரியே போய் வாட் வந்தது. ஜன்னலை மூடுவதா என்பது உங்கள் விருப்பம். நேர்த்தியாக வெட்டியிருந்தால், அதுவும் வண்டி குடும்ப வாகனமாக மாறிய கதைதான் என்று விட்டுவிடலாம்.

கேள்வி: வாங்கிய வேன் முழுக்க கிரீம் கலர். முன்பு எந்தக் கடைக்கு ஓடியது என்று கண்டுபிடிக்க வழி உண்டா? எல்லாவற்றையும் தேய்த்துவிட்டுப் புது பெயின்ட் அடித்துவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர்.
— வாசகர், பர்மிங்காம்

பதில்: பட்டறைக்காரரை ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். தேய்த்த பிறகு தேட ஒன்றும் இருக்காது.

இரவில், விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கத் தகட்டோடு ஒட்டினாற்போல் பிடித்து ஒளியைத் தகட்டின்மேல் வழியவிடுங்கள். அக்காலத்தில் கடைப்பெயரைத் தூரிகையால் எனாமலில் எழுதினார்கள். அந்த எழுத்துக்கு ஒரு தடிமன் உண்டு. மேலே இரண்டு மூன்று பூச்சு வந்திருந்தாலும் எழுத்தின் விளிம்பு மயிரிழை மேடாக நிற்கும். சாய்ந்த ஒளியில் நிழல் விழும். நேராக டார்ச் அடித்தால் எதுவும் தெரியாது. இரண்டு பக்கத் தகடு, பின்கதவுகள், முன்கண்ணாடிக்கு மேலே கூரை நெற்றி, இவற்றோடு கேபின் கதவின் கீழ்ப்பகுதியையும் விடாமல் பாருங்கள். உரிமையாளர் பெயரும் ஊரும் சிறிய எழுத்தில் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். டார்ச்சை ஒருவர் பிடிக்க, இன்னொருவர் கேமராவை நேராக வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் படமெடுத்துக்கொள்ள வேண்டும்.

நிழல் தெரிந்த இடத்தில், எழுத்தின் ஓரமாக ஒரு உள்ளங்கை அளவுக்கு மட்டும் தேயுங்கள். 1000 நம்பர் வாட்டர் பேப்பர், ரப்பர் கட்டை, ஒரு பக்கெட் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. வட்டமாகத் தேய்த்தால் ஒவ்வொரு பூச்சும் வளையம் வளையமாக வெளிப்படும். வெளி வளையம் கடைசிப் பூச்சு. நடுவில் தெரிவது முதல் பூச்சு. எழுத்தின் நிறம் எட்டிப் பார்த்ததும் கையை எடுத்துவிடுங்கள். தங்க ரேக்கில் எழுதியிருந்தால் இரண்டு இழுப்பில் காணாமல் போய்விடும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்பதால் காய்ந்த நிலையில் ஒருபோதும் தேய்க்கக் கூடாது. மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். வழியும் கரைசலைச் சாக்கடையில் விடாமல் துணியில் ஒற்றி எடுங்கள். சீக்கிரம் முடியும் என்று தின்னரைத் தொட்டால் எல்லாப் பூச்சும் கரைந்து ஒரே கஞ்சியாகிவிடும்.

பெயர் கிடைத்தால் பிறகு காகித வேட்டை. எழுத்தோடு பெரும்பாலும் ஊரும், மூன்று நான்கு இலக்கத்தில் ஒரு போன் நம்பரும் இருக்கும். உள்ளூர் நூலகத்தில் பழைய கெல்லிஸ் டைரக்டரி இருந்தால், அந்த ஊர்க் கடைகள் தெருவாரியாகக் கிடைக்கும். பெயர் கிடைக்காவிட்டாலும் நம்பர் பிளேட் இருக்கிறது. 1974-ல் ஸ்வான்ஸீயில் பதிவு மையம் செயல்படத் தொடங்கும்வரை வண்டிகளைப் பதிந்தவை கவுன்டி, நகர கவுன்சில்கள். அந்தப் பதிவேடுகளில் தப்பியவை மாவட்ட ஆவணக் காப்பகங்களிலும் ட்ராய்ட்விச்சில் உள்ள கிட்ஹெட் அறக்கட்டளையிலும் கிடக்கின்றன. வாரிக்‌ஷயரில் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் தொழிற்சாலைப் பேரேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. உங்கள் சேஸிஸ் எண் அந்தப் பேரேடுகளில் இருந்தால், தயாரான நாள், முதல் நிறம் போன்ற விவரங்கள் கிடைக்கும். வண்டி எண்ணையும் கவனியுங்கள்: எம்-ஏ-வி-5 என்று தொடங்கினால் பிறவியிலேயே வேன். வி இருக்கும் இடத்தில் யு இருந்தால், பிக்-அப்பில் பெட்டி ஏற்றி வேனாக்கியிருக்கிறார்கள்.

எங்கள் கட்சி இதுதான்: அசல் பெயர் கிடைத்தால், டிரேசிங் பேப்பரில் எழுத்தின் உயரத்தையும் கதவு விளிம்பிலிருந்து அதன் தூரத்தையும் குறித்துக்கொண்டு, அதே பெயரை அதே இடத்தில் எழுதுங்கள். கடை இன்னும் நடக்கிறதென்றால் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை. பாதி வேன்களில் காணும் இல்லாத பேக்கரிப் பெயர்களுக்கு இன்னொன்று சேர்க்க வேண்டியதில்லை. எதுவுமே கிடைக்கவில்லையா, வெறும் கிரீம் நிறமே போதும்.

கேள்வி: தபால் வேனுக்கு எந்தச் சிவப்பு? ராணி இரண்டாம் எலிசபெத்தைக் குறிக்கும் ஈஐஐஆர் முத்திரை கட்டாயமா?
— வாசகர், எடின்பரோ

பதில்: பிரிட்டிஷ் தர வரிசை பிஎஸ் 381சி-யில் 538-ம் எண், 'போஸ்ட் ஆபீஸ் ரெட்'. கடையில் 'தபால் பெட்டி சிவப்பு' என்று மட்டும் கேட்டால் ஆளுக்கொரு சிவப்பு கலக்கித் தருவார்கள், எண்ணைச் சொல்லுங்கள். அதே தபால் துறையின் தொலைபேசிப் பிரிவு வேன்கள் 223-ம் எண் பச்சையில் ஓடி, 1960-களின் கடைசியில் மஞ்சளுக்கு மாறின. உங்கள் வண்டி எந்தப் பிரிவு என்று தெரியாமல் சிவப்பு வாங்கிவிடாதீர்கள்.

முத்திரை விஷயத்தில் நீங்கள் எடின்பரோவிலிருந்து கேட்பது பொருத்தம். ஸ்காட்லாந்தை முதலாம் எலிசபெத் ஆண்டதே இல்லை, பிறகு 'இரண்டாம்' எங்கிருந்து வந்தது என்று 1952-53-ல் தகராறு கிளம்பி, உங்கள் ஊர் இன்ச் பகுதியில் அந்த முத்திரையோடு வைத்த தபால் பெட்டியையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதன் பிறகு ஸ்காட்லாந்தில் வெறும் ஸ்காட்டிஷ் கிரீடம்தான். வேன் அங்கே ஓடியதென்றால் கிரீடம் மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: மைனர் வண்டிகளில் திருப்பும்போது முன்சக்கரம் மடங்கி விழுந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?
— வாசகி, நாட்டிங்காம்

பதில்: உண்மை, காரணம் முழுக்க கிரீஸ் பஞ்சம். முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விவல் பின்னின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் மரை வெட்டியிருக்கும். அதன்மேல் டிரன்னியன் என்ற உறை திருகி உட்காரும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. கிரீஸ் இல்லாவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் ஸ்விவல் பின் அந்த உறையிலிருந்து கழன்று வரும். பெரும்பாலும் கீழ் டிரன்னியன்தான் போகும். மெதுவாக, முழுதாக ஒடித்துத் திருப்பும்போதுதான் போகும். சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடும்.

1,000 மைலுக்கு (1,600 கி.மீ.) ஒருமுறை கிரீஸ் கன் பிடிக்க வேண்டும். வண்டி தரையில் நிற்கும்போது அடித்தால், பாரம் அழுத்தும் பக்கத்து மரைக்குள் கிரீஸ் போகாது. ஜாக்கி போட்டுச் சக்கரம் தொங்கும் நிலையில் அடியுங்கள். ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிவிட்டு மறுபடி அடியுங்கள். பழைய கறுப்பு கிரீஸ் தள்ளப்பட்டுப் புது கிரீஸ் பிதுங்கும்வரை நிறுத்தக் கூடாது. கிரீஸ் ஏற்றும் நிப்பிள் கிரீஸை வாங்க மறுத்தால் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டுங்கள்.

தேய்மானம் பார்க்க, தொங்கும் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் டிரன்னியன் பக்கம் கோளாறு. இடது, வலது மரைகள் எதிரெதிர் திசை, மாற்றி மாட்ட முடியாது. புதியதை மாட்டும்போது முட்டும்வரை திருகிவிட்டு, ஸ்டியரிங் இரு பக்கமும் தடையில்லாமல் முழுதாகத் திரும்பும் அளவுக்குப் பின்னால் விடுங்கள்.

கேள்வி: இப்போதைய பெட்ரோல் போட்டால் என்ஜின் போய்விடுமா?
— வாசகர், குரோய்டன்

பதில்: இரண்டு தனித்தனிப் பிரச்சினைகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று எத்தனால். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண 95 ஆக்டேன் பெட்ரோல் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ் இதில் ஊறி வெடிக்கும். சூப்பர் ரகத்தில் இ5 (5 சதவீதம் வரை எத்தனால்) போடுங்கள். ஹோஸை எத்தனால் தாங்கும் ஆர்9 ரகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

மற்றது ஈயம். ஈயம் கலந்த பெட்ரோல் 1999 முடிவோடு பெட்ரோல் பங்க்குகளிலிருந்து போய்விட்டது. ஈயம் இல்லாமல் நீண்ட தூரம் விரட்டினால் வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வ் சீட் தேய்ந்து வால்வ் உள்ளே இறங்கும். டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவில் விடும் சந்து) தானாகக் குறைந்துகொண்டே வருவதுதான் அடையாளம். என்ஜின் குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம் (0.30 மி.மீ.) இருக்க வேண்டும். சரிபார்க்க ஒன்பது கணக்கு போதும்: 8-ம் வால்வ் முழுதாகத் திறந்திருக்கும்போது 1-ஐ வையுங்கள், 7 திறந்திருந்தால் 2-ஐ; எப்போதும் கூட்டினால் 9. எக்ஸாஸ்ட் வால்வுகள் 1, 4, 5, 8. இவற்றில் 3,000 மைலுக்கு ஒருமுறை இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தால், அடுத்து ஹெட்டைக் கழற்றும்போது கடினப்படுத்திய சீட் போட்டுவிடுங்கள். சுருங்கவில்லையென்றால் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: என் வேனில் பேட்டரியின் பாசிட்டிவ் பாடியில் இணைக்கப்பட்டிருக்கிறது. தப்பாக மாட்டிவிட்டார்களா?
— வாசகர், மில்டன் கீன்ஸ்

பதில்: அக்கால பிரிட்டிஷ் வண்டிகளின் வழக்கம் அது. ரேடியோவோ எலக்ட்ரானிக் இக்னிஷனோ ஆல்டர்னேட்டரோ மாட்ட ஆசையில்லாதவரை அப்படியே இருக்கட்டும். மாற்றத்தான் வேண்டுமென்றால்: பேட்டரியைத் திருப்பிவையுங்கள். காயிலின் இரண்டு சின்ன வயரையும் இடம் மாற்றுங்கள். டைனமோவிலிருந்து இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு வயரை எடுத்து டைனமோவில் 'எஃப்' (ஃபீல்ட்) என்று குறித்த முனையில் இரண்டு மூன்று விநாடி தொட்டு எடுங்கள். பொறி பறக்கும், பயப்பட வேண்டாம். இதைச் செய்யாவிட்டால் டைனமோ பழைய திசையிலேயே மின்சாரம் தந்து ரெகுலேட்டரைப் பொசுக்கும். பல்பு, செல்ஃப் மோட்டாருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. பாசிட்டிவ் முனை நெகட்டிவைவிடத் தடிமன் என்பதால் பழைய கிளாம்புகள் பொருந்தாது, புதிது வாங்கிவையுங்கள்.

கேள்வி: எம்ஓடி பரிசோதனை (வண்டி சாலைக்குத் தகுதியா என்று பார்க்கும் பிரிட்டனின் வருடாந்தரச் சோதனை) தேவையா?
— வாசகர், ரெடிங்

பதில்: 2018 மே மாதத்திலிருந்து 40 வருடம் கடந்த, பெரிதாக மாற்றியமைக்கப்படாத வண்டிக்குக் கட்டாயமில்லை. ஆனால் சாலையில் ஓட்டத் தகுதியாக வைத்திருக்கும் பொறுப்பு உங்களுடையதே. விரும்பினால் செய்துகொள்ளலாம். சேஸிஸ் வெல்டிங் முடிந்த வண்டிக்கு ஒருமுறையாவது செய்யுங்கள்; வேறொரு கண் பார்த்த மாதிரி இருக்கும்.

கேள்வி: பிரேக்கை இரண்டு தடவை மிதித்தால்தான் பிடிக்கிறது. காற்று எடுத்தும் பயனில்லை.
— வாசகி, ஸ்லவ்

பதில்: அட்ஜஸ்ட்மென்ட்தான் காரணமாக இருக்கும். முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு ஷூ, இரண்டு சிலிண்டர், இரண்டு அட்ஜஸ்டர். பலர் ஒன்றைத் திருகிவிட்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மில் உள்ள ஓட்டையை ஒரு அட்ஜஸ்டருக்கு நேராகக் கொண்டுவந்து, டிரம் பூட்டும்வரை திருகி, சுதந்திரமாகச் சுற்றும்வரை ஒவ்வொரு பல்லாகப் பின்னால் விடுங்கள். டிரம்மைச் சுற்றி அடுத்ததையும் அப்படியே. பின்சக்கரங்களில் ஒவ்வொன்றுதான்.

இத்தனைக்கும் பிறகு, மிதித்துப் பிடித்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கிறது. அது பானெட்டுக்குள் இல்லை, டிரைவர் காலடியில் தரைக்குக் கீழே இருக்கிறது. அதனால்தான் பலர் அதில் எண்ணெய் பார்ப்பதே இல்லை. தரைவிரிப்பைத் தூக்கி, ரப்பர் மூடியை எடுத்தால் மூடித்திருகு தெரியும். திறக்குமுன் சுற்றியுள்ள மண்ணைத் துணியால் துடைத்துவிடுங்கள். ஒரு மணல் உள்ளே விழுந்தால் புது சீலும் கிழியும். டாட் 4 ரக பிரேக் எண்ணெய் ஊற்றி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். பெயின்ட்டின்மேல் ஒரு சொட்டு பட்டாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். துடைத்தால் பெயின்ட்டும் சேர்ந்து வரும்.